படத்திறப்புக்கு ஒரு படம்

மத்தியானம் சாப்பிட உட்காரும்போதுதான் அந்த அக்கா போன் செய்தார், செலியமேட்டிலிருந்து. கணவர் இறந்து காரியம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். "தங்கச்சி, அவுரு மூஞ்சி நல்லா தெரியிற மாதிரி ஒரு போட்டோ வோணும். ஞாயித்துக்கெழம படத்தெறப்பு. நீதான் அத்தினி வாட்டி வந்து எட்த்தியே, அதுல ஒண்ணு அனுப்பு" என்றார். அதற்கென்னக்கா, இன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். சாம்பார் சாதம் ஆறிப்போயிருந்தது.

அவர் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் சில வருடங்கள் படுக்கையில் கிடந்தார். அப்படிப் படுத்துவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணுக்கு மருந்து கட்டி, காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் நான் இருக்கும் தொண்டு நிறுவனத்தின் வேலை. வில்லியனூரில் ஒரு மாடியில் ஆபீஸ். நான் சேர்ந்தது களப்பணியாளராக. வீடியோ எடுப்பதற்காக இல்லை.

நன்கொடை கொடுப்பவர்கள் இப்போதெல்லாம் அறிக்கை படிப்பதில்லை, சின்னச் சின்ன வீடியோதான் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் மீட்டிங்கில் மேடம் சொன்னார். மேடம் என்றால் எங்கள் செயலாளர். டவுனிலிருந்து காரில் வருவார். "யார்கிட்ட நல்ல போன் இருக்கு?" என்று கேட்டதும் மற்றவர்கள் போனை மெதுவாகப் பைக்குள் தள்ளினார்கள். நான்தான் விவரம் தெரியாமல் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். என் தலையில் கட்டிவிட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, வேலை மட்டும் ஏறியது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே டைரக்டரம்மான்னு கூப்டணுமா?" என்றார். அன்று ராத்திரி அவர் தட்டை அவரையே கழுவ வைத்தேன்.

ஆரம்பத்தில் நான் எடுத்ததெல்லாம் ஆடியது. ஒன்றில் பாதித் திரைக்கு என் விரல். ஒன்றில் ஆள் வாயசைக்கிறார், கேட்பதெல்லாம் பக்கத்துக் கழனியின் மோட்டார் சத்தம். மோட்டாரை நிறுத்தச் சொன்னால் கரண்டு இருக்கும்போதுதானே தண்ணி பாய்ச்ச முடியும் என்று திட்டுவார்கள். மோட்டார் நின்றால் கோயில் மைக் ஆரம்பிக்கும். மைக் ஓய்ந்தால் பேச வேண்டியவருக்குத் தூக்கம் வந்துவிடும். இதில் நான் வீடு வீடாகப் போய்ப் புண்ணும் துடைக்க வேண்டும், கையுறையைக் கழற்றிவிட்டு உடனே போனும் பிடிக்க வேண்டும். உறுவையாறு தாண்டி வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, நேராக எங்காவது போய் ஒரு புளியமரத்தடியில் படுத்துவிடலாமா என்று தோன்றும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, போனில் அந்த அண்ணனின் வீடியோக்களைத் தேடினேன். நிறையவே இருந்தன. முதலாவதில் அவர் கை, சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. அடுத்ததில் முதுகு. அடுத்ததில் சுவரில் விழுந்த நிழல். அப்புறம் கை டம்ளரை எடுக்கிறது, கை டம்ளரை வைக்கிறது, கை சன்னல் கம்பியைப் பற்றியிருக்கிறது. விரலில் இன்னும் போகாமல் இருந்த, சிமெண்டு அரித்த தழும்பு வரை தெளிவாகத் தெரிந்தது. கீழிருந்து மேலே தள்ளினேன், மேலிருந்து கீழே தள்ளினேன். முகம் மட்டும் ஒன்றில்கூட இல்லை.

எப்படி இருக்கும்? ஆபீசில் அதுதானே சட்டம். உதவி பெறுபவரின் முகத்தைக் காட்டக்கூடாது, அது அவர் மரியாதைக்குக் குறைச்சல், கையைக் காட்டினால் போதும் என்று ஒருநாள் பயிற்சி வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னதில் தப்பில்லை. புண்ணையும் கண்ணீரையும் காட்டிப் பணம் கேட்பதை நானும் வெறுக்கிறேன். ஆனால் அத்தனை கைகளில் ஒன்றைக்கூட அக்காவுக்கு அனுப்ப முடியாது.

அக்காவைக் கூப்பிட்டு, வேறு போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். கல்யாணப் படம் இருந்ததாம். மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்ததில் அவர் மூஞ்சி எதிர்த்தாளோடு போய்விட்டதாம். "ஆதார் கார்டுல இருக்கறது அவுரே இல்ல தங்கச்சி, யாரோ திருடன் மாதிரி கீது. அத மாட்டி மால போட சொல்றியா?" என்றார். பிறகு, "படுத்த மாதிரி இருந்தா வோணாம்மா. சனங்க அவுர படுத்தே பாத்துட்டாங்க. உக்காந்த மாதிரி வோணும்" என்றார்.

உட்கார்ந்த மாதிரி என்று அவர் சொன்னதும்தான் எனக்கு அவரை முதன்முதலாக வீடியோ எடுக்கப் போன நாள் ஞாபகத்துக்கு வந்தது.

முகம் கூடாது என்ற பயிற்சிக்கெல்லாம் முந்திய நாள் அது. வீடியோ எடுக்க வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அண்ணன் முகச்சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டையில் இருந்தார். பவுடர் கொஞ்சம் அதிகம். முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து, மூத்திரப் பை தெரியாதபடி இடுப்பில் புதுத் துண்டு போர்த்திச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார் அக்கா. "அசையாத மாமா" என்று கடைசியாகக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். நான் போனை நீட்டி, "பேசுங்கண்ணே" என்றேன். அவர் பேசவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நேராகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போட்டோ இல்லண்ணே, வீடியோ. எப்படி விழுந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்கன்னு சொல்லுங்க" என்றேன். அசைவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் தலையை ஆட்டாமல் உதட்டை மட்டும் பிரித்து, "இன்னாம்மா, எட்த்துட்டியா? மூச்சு வுடலாமா?" என்றார். அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். எங்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அதைத்தான் மேடத்துக்கு அனுப்பியிருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறாரே, இவருக்கு எதற்கு உதவி என்று கேட்பார்கள், மறுபடி எடுங்கள். போனில் இடம் இல்லை என்று அடிக்கடி கத்தும், வேண்டாததை அழித்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். அன்று சாயந்திரமே அதை அழித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் மேலே மேலே போய்ப் பார்த்தேன். மங்கலான ஒரு சதுரம் இருந்தது, தொட்டால் திறக்கவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. விஷயத்தை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மாலையில் செலியமேட்டுப் பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அக்கா வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். என்ன முகத்தோடு போய் நிற்பது? இந்த வேலையே வேண்டாம் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் நினைப்பேன், அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன்.

இருட்டும் நேரத்தில் போன் அதிர்ந்தது. மேடம் ஒன்றும் எழுதவில்லை, வீடியோவை மட்டும் அனுப்பியிருந்தார். அவர் போனில் எதுவும் அழிவதில்லை போலிருக்கிறது. அவரை அத்தனை நாள் திட்டியதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அங்கேயே பார்த்தேன்.

மறுநாள் பாகூரில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். வீடியோவிலிருந்து எடுத்தால் கொஞ்சம் மங்கும், சரிசெய்துவிடலாம் என்றார் கடைக்காரர். எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டார். சிரிக்கிற இடம் அழகாக இருந்தது, கடைக்காரருக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவர் சிரித்தது. போட்டோவுக்கென்று அவர் உட்கார்ந்தது அதற்கு முந்திய இடம். அங்கே நிறுத்தச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த கொத்தனார்கள் வந்திருந்தார்கள். சிலர் பேசினார்கள். திரையை விலக்கியதும் வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்து, எல்லோரையும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க மேஸ்திரிடா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

மாலை போட்டுக் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்த பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதே படந்தான் தங்கச்சி. அன்னிக்கி நீ கெளம்பிப் போன ஒடனே சொன்னாரு, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு அத வாங்கி வைடி, பின்னால ஒனக்கு தேவப்படும்னு. நான்தான் அபசகுனமா பேசாதன்னு அவுரு வாய அடச்சேன். ஒன்னாண்ட கேக்கவே இல்ல."

கேமராவைக் கண்டு பயந்து விறைத்துப்போனார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் தன் படத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியில ஒண்ணு கேப்பாரே, அதுவும் அதுல கீதா?" என்றார் அக்கா.

வீடியோவைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். திரையில் அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பேசுங்கண்ணே" என்று என் குரல் எரிச்சலாகக் கேட்டது. எங்கோ பின்னால் மோட்டார் ஓடியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எட்த்துட்டியா? மூச்சு வுடலாமா?"

அக்கா முந்தானையை எடுத்தார்.

"எட்த்தாச்சி மாமா" என்றார் போனைப் பார்த்து. "வுடு."