காயக்கூடாத தாள்

எண்பத்தாறு மே மாதம், காலை ஏழு மணி. விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். திண்டிவனம் முப்பத்தேழு கிலோமீட்டர். டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. தங்கை வசந்தாவின் மடியில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே தண்ணீரில் கிடந்தது, மூன்று வருஷமாகக் கண்ணாடிமேல் வார்த்து வார்த்து அவளுக்குத் தேறிய ஒரே சவ்வுத்தாள்.

உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புநீரில் துளியளவு லித்தியம் உண்டு. கசக்கவைக்கும் மக்னீசியத்தைத் தடுத்து லித்தியத்தை மட்டும் இந்தத் தாள் விடவேண்டும். காய்ந்தால் அதன் நுண்துளைகள் மூடிக்கொள்ளும்; மறுபடி திறக்காது. இன்று பலிக்காவிட்டால் ஜூனிலிருந்து அவளுக்கு ஆய்வகம் இல்லை என்று அவள் ஆய்வு செய்யும் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கு நான் அப்படி அஞ்சியதே இல்லை.

“இன்னா சார் ஒழுவுது? ஆசிட்டா?” என்றார் கண்டக்டர்.

“தண்ணிங்க.”

“தண்ணிக்கா இப்டி மூஞ்சி வெளுத்துக்கினு குந்தியிருக்கீங்க?”

எட்டரைக்குத் திண்டிவனம். மரக்காணம் வண்டியில் இடம் பிடித்தபோது சட்டியில் பாதித் தண்ணீர் இல்லை. குழாய்நீர் ஆகாதாம். பக்கத்தில் மல்லாட்டைக்கடலை மூட்டையோடு இருந்த அம்மாளிடம் சட்டியை ஒப்படைத்துவிட்டு, பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த நீர் வாங்க இருவரும் ஓடினோம்; எந்த நீர் என்று அவளுக்குத்தான் தெரியும், காசு என்னிடம்.

திரும்பினால், தாள் ஜன்னல் கம்பியில் வெயிலில் தொங்குகிறது.

“நனைஞ்சிக்கினு கெடந்துச்சேன்னு ஒலத்துனேம்மா.”

ஒவ்வொரு புயலுக்கும் பட்டாவையும் ரேஷன் கார்டையும் உலர்த்திக் காப்பாற்றுகிற கடலோரத்துக் கை. அதை எப்படிக் கோபிப்பது?

  விளிம்புகள் வெளுத்துச் சுருண்டிருந்தன. வசந்தா தாளை நீரில் நனைத்து, பையில் கொண்டுவந்த சோதனைக் குப்பியின் வட்டமூடியை நடுவில் வைத்துப் பார்த்தாள். காயாமல் தப்பிய இடம் மூடியைவிட ஒரு விரற்கடைதான் அதிகம். மற்றதைப் பிளேடால் அறுத்தாள்.

“நாந்தான் கெடுத்துட்டனாம்மா?” என்றார் மூட்டைக்கார அம்மாள்.

“தெரியலம்மா. அங்க போனாதான் தெரியும்.”

பத்தரை மணி, மரக்காணம். நிழலே இல்லாத வெள்ளைப் பாத்திகள். குப்பிக்குள் தாளைப் பொருத்தி, பாத்தியின் கசப்புநீரை ஊற்றி, அதன் கைப்பம்பை அடித்தோம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு.

“மக்னீசியம் தாண்டியிருந்தா கசக்கும். நீயே பாருண்ணா. எனக்குத் தைரியம் இல்ல.”

முதலில் பாத்தி நீரை நாக்கில் வைத்தேன். அடிநாக்கைப் பிடித்து முறுக்கியது. துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு, அந்தச் சொட்டு. உப்புக் கரித்தது. காத்திருந்தேன். கசப்பு வந்தது.

“கசக்குது.”

அவள் கை பம்பிலிருந்து நழுவியது. “அதே மாதிரியா?”

“இல்ல. பாதிகூட இல்ல.”

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொட்டுகளைச் சேர்த்த குப்பி ஆய்வகத்தில் என்ன சொல்லுமோ, யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் பாகற்காயைக்கூடத் துப்பிவிடுகிறவன் நான். அன்று, அந்த இளங்கசப்பு கலைந்துவிடுமோ என்று பயந்து, விழுப்புரம் வரை தண்ணீரே குடிக்கவில்லை.