பாதி வீடு

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சனில் கடுங்குளிர் இறங்கிய வாரம், பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து சமையலறை முழுக்க வெள்ளம். அங்கே தனியாக இருந்தவர் வேல்ஸிலிருந்து வந்த நர்ஸ், என் வயதுதான். அதுவரை எங்களுக்குள் கையசைப்பு மட்டுமே பழக்கம்.

"நம்ம கெஸ்ட் ரூம் சும்மாத்தானே இருக்கு? வந்து ஸ்டே பண்ணச் சொல்லு" என்றார் கணவர். நர்ஸ் ஒரு பெட்டியோடு வந்தார்; எங்கள் மகள் வீட்டுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

வீடு தேடி வந்தவருக்குக் குறை வைக்கலாமா? முதல் இரண்டு நாள் வடை, பாயசம், மூன்று வகைக் காய் என்று இழுத்துப் போட்டுச் செய்தேன். அவரோ கொஞ்சம் கொறித்துவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மன்னிப்புக் கேட்டார். தட்டைக் கழுவ வந்தால் நான் பிடுங்கிக்கொள்வேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"அவங்களுக்கு நம்ம சாப்பாடு பிடிக்கலையோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஏதாவது வேலை குடேன். பாவம், ஹோட்டல்ல இருக்கற மாதிரி உக்காந்திருக்காங்க."

மறுநாள் வெறும் ரசம் வைத்தேன். வெங்காயத்தை அவர் முன் தள்ளினேன். கண்ணீர் வழிய நறுக்கிக்கொண்டே, தன் அம்மா வீட்டில் விருந்தாளிதான் உருளைக்கிழங்கு உரிப்பார் என்றார். அவர்களுடைய வெல்ஷ் மொழியில் விருந்தோம்பலுக்கு 'லெட்டிகாருக்' என்று ஏறக்குறைய ஒலிக்கும் ஒரு சொல். முதல் எழுத்தைச் சொல்ல நாக்கை மேலே ஒட்டிக் காற்றை ஊத வேண்டுமாம், எனக்கு வரவில்லை. 'லெட்டி' என்றால் தங்குமிடம், மற்றது அன்பு. அந்தத் தங்குமிடத்தையும் பிரித்தால் 'பாதி வீடு' என்று வருமாம். பள்ளியில் சொன்னார்கள் என்றார்.

நம் சொல்லுக்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன். விருந்து என்றால் புதிது, புதிதாக வந்தவர். ஓம்புதல் என்றால் பேணிக் காப்பது. சொல்லிவிட்டு எனக்கே வியப்பு: இரண்டிலும் சாப்பாடு எங்கே இருக்கிறது?

அன்று மாலை அவர் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, தம்பியிடம் போனில் வெல்ஷில் சத்தமாகச் சண்டை போட்டார். உள்ளே போகவில்லை. எனக்கு மனசு நிறைந்தது.

குழாய் சரியாகிக் கிளம்பும்போது எங்கள் வீட்டுச் சாவியை நீட்டினார். கணவர் வாங்கவில்லை. "யூ கீப் இட்" என்றாள் என் மகள், அப்பாவை முந்திக்கொண்டு.