ஜிம்பாலாவின் பூதம்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு தெரு. கழனி வேலைக்குப் போனவர்கள் பட்டறை வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் வேம்புலி. பி.ஏ. வரலாறு. வரலாற்றில் அவனுக்கு அக்கறை இல்லை. அவனுக்குக் கை இருந்தது. பெஞ்சு, டிபன் பாக்ஸ், ரயில் கதவு, எதைத் தட்டினாலும் பக்கத்தில் இருப்பவன் கால் ஆடும்.

அந்தக் கையைக் கண்டுபிடித்தவர்கள் கூடப் படித்த ஆவடி குவார்ட்டர்ஸ் பையன்கள் ராஜசேகரனும் ரகுநாதனும். இருவரின் அப்பாக்களும் தொழிற்சாலை அதிகாரிகள். ராஜசேகரனிடம் கிடார் இருந்தது, ரகுநாதனிடம் வாய் இருந்தது. மனிதன் நிலவில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்ததால், தங்கள் பாட்டுக் குழு வேறொரு கிரகத்திலிருந்து வருவதாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிரகத்தின் பெயர் ஜிம்பாலா. ராஜசேகரன் ராஜா, ரகுநாதன் மந்திரி. முகத்தில் வெள்ளிப் பொடி, தலையில் ஜிகினாக் கிரீடம். பாட்டெல்லாம் ஜிம்பாலா மொழியில். அதில் அர்த்தம் இல்லாத குறையை மந்திரி தமிழில் விளக்கிச் சரிசெய்வான்.

"எங்கள் ஜிம்பாலாவில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது!" என்று நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மந்திரி மைக்கில் அறிவிப்பான். கைதட்டல் பந்தலைப் பிய்க்கும். அப்போது வேம்புலி கோணிச் சட்டையும் காகிதக்கூழ் முகமூடியுமாக, மேடை மூலையில் டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பான். ஜிம்பாலாவில் அவன் பூதம். பூதத்துக்கு வசனம் இல்லை, பெயரும் இல்லை. இதை முறைப்படி ஓட்டெடுத்துத்தான் முடிவு செய்தார்கள். இரண்டுக்கு ஒன்று.

அம்பத்தூர் நிகழ்ச்சிக்கு அம்மா தாயம்மா வருவதாகச் சொன்னதும் வேம்புலி ராஜாவிடம் போனான்.

"ஒரே ஒரு தபா மைக்ல எம் பேரைச் சொல்லு மச்சான். எங்கம்மா தெருவையே இட்டுகினு வருது. மூஞ்சியும் தெரியாம, பேரும் இல்லாம, எம் புள்ளன்னு எத்தைக் காட்டும்?"

கலை விஷயத்தில் ராஜசேகரன் கண்டிப்பானவன். "பூதத்துக்குப் பேர் வச்சா லாஜிக் இடிக்குமே, மச்சான்."

"ராஜா தார் பீப்பாய்ல வர்றது இடிக்கலியா?"

"அது ராக்கெட்."

அம்பத்தூரில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பீப்பாய்க்குள் ராஜா குந்தியிருந்தான். டிரம்ஸ் அதிர அதிர அவன் எழுந்து நிற்க வேண்டும். "இதோ, நம் ராஜா!" என்றான் மந்திரி. சத்தமே இல்லை. பூதம் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மந்திரி மைக்கோடு ஓடி வந்தான். "அடிடா!"

"பேரு சொல்லு. அடிக்கிறேன்."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "பேரு சொல்லு! பேரு சொல்லு!" என்று கூட்டம் விசிலடித்தது. பீப்பாய்க்குள்ளிருந்து ராஜாவின் குரல் வந்தது: "சொல்லித் தொலைடா, கால் மரத்துப்போச்சு!"

"டிரம்ஸ்... வேம்புலி," என்றான் மந்திரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வேம்புலி முகமூடியைக் கழற்றிவிட்டு அடித்தான். தாயம்மா நாற்காலிமேல் ஏறி நின்றாள். ராஜா எழுந்தான், கால் மடங்கி மறுபடி பீப்பாய்க்குள் விழுந்தான். ஜிம்பாலாவின் சரித்திரத்தில் அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை.

மறுநாள் வேம்புலியை நாடு கடத்தினார்கள். "எந்த ஊருக்கு?" என்று கேட்டான். "பூமிக்கு," என்றான் மந்திரி. வேம்புலி ரயிலேறித் திருமுல்லைவாயிலில் இறங்கினான். அம்மாவிடம் குழுவுக்கு லீவு போட்டிருப்பதாகச் சொல்லிவைத்தான்.

அவன் இடத்துக்கு இன்னொரு அதிகாரியின் மகன் தசரதன் வந்தான். முகமூடி போட்டால் மூச்சு முட்டும் என்றான். இந்த முறை லாஜிக் இடிக்கவில்லை.

பூந்தமல்லியில் நிகழ்ச்சி என்று தாயம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "நீ இல்லாம இன்னாத்தை அடிக்கிறானுங்க, பாக்கலாம் வாடா," என்று மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

ராஜா பீப்பாய்க்குள் இறங்கினான். அம்பத்தூர்க் கதை அதற்குள் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்திருந்தது. "பேரு சொல்லு! வேம்புலி! வேம்புலி!" என்று கூட்டம் கத்தியது. மந்திரி ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு தசரதனை நோக்கிக் கையை வீசினான். "டிரம்ஸ்... வேம்புலி!"

தசரதன் எழுந்து குனிந்து வணங்கினான்.

தாயம்மா மகனைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். "நீ இங்க கீறே. அவன் யார்ரா?"

அவள் எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தினாள்: "டேய் கிரீடம்! எம் புள்ள இங்க கீறான்டா! அவன் கையையும் எடுத்துகினு வந்து ஒட்டிக்குவியாடா நீ?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். மந்திரியின் வாய் அப்போதும் கைவிடவில்லை. "ஜிம்பாலாவின் ராஜமாதா!" என்று அறிவித்து, அவள் இருந்த பக்கம் கும்பிட்டான். கைதட்டல் இரண்டு மடங்கானது. டிரம்ஸ் அதிர்ந்தது. தாளம் கொஞ்சம் பிந்திப் பிந்தி வந்தது.

வேம்புலி அம்மாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நல்லா கேட்டேனாடா?"

"நல்லா கேட்டம்மா," என்றான் வேம்புலி. "அதான் கை தட்டுனாங்களே."