சூடு போக வழியில்லாத பெட்டி

ஜெசிந்தா வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அச்சரப்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்து, பொத்தேரியில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். அவளே கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

கம்பெனி செய்வது தடுப்பூசி எடுத்துப்போகும் பேட்டரிப் பெட்டி. அதன் மூடியில் ஒரு தகடு. மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் உள்பக்கம் குளிரும், வெளிப்பக்கம் சுடும். அந்தச் சூட்டை ஊதித் தள்ள மேலே ஒரு சின்ன விசிறி. மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெளியே ஒரு திருகு. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்வது ஜெசிந்தாவின் வேலை. ஒன்று மாறினால் மற்றதும் மாறும் என்பதால் கணக்கு முடியாமல் முரண்டு பிடிக்கும். ஒருநாள் அலுத்துப்போய், வெளிப்பக்கச் சூடு எப்போதும் முப்பத்தைந்து டிகிரிதான் என்று கட்டிப்போட்டாள். கணக்கு சமர்த்தாக முடிந்தது. பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்தேபோனாள். ஏசி அறையில் நடந்த சோதனையும் அதற்கு ஒத்து ஊதியது.

முதல் பெட்டி மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்துக்குப் போன அன்று காலையில்தான் அந்த முப்பத்தைந்து கண்ணில் பட்டது. கட்டை அவிழ்த்து, மே மாத வெயிலைக் கொடுத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். வெளிப்பக்கம் சூடு ஏறியது. அந்தச் சூடு உள்ளே கசிந்தது. மின்சாரத்தைக் கூட்டினாலோ தகடே கொதித்தது.

குப்பத்துத் தடுப்பூசி முகாமில் இருந்த நர்ஸ் சியாமளாவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, உள்ள எவ்ளோ காட்டுது?"

"ஏழு. ஏறிகினே கீது. எட்டு தாண்டுனா மருந்து அவ்ளோதான். கொழந்தைங்கள தூக்கிகினு எல்லாம் வந்துட்டாங்க. திருக ஃபுல்லா வச்சிரட்டா?"

"வேணாம்! தொடாதீங்க!" ஜெசிந்தா கத்தியே விட்டாள். "பாதியா கொறைங்க."

"இன்னாமா நீ? சூடாவுதுன்றேன், கொறைக்க சொல்ற?"

சியாமளா கேட்டதில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

"கூட்டுனா தகடே அடுப்பாயிடும்க்கா. நம்புங்க. நெழல்ல வைங்க, விசிறிய மறைக்காதீங்க."

பாதி என்றுதான் கணக்கு சொன்னது. ஆனால் காலைவரை பொய் சொன்னதும் அதே கணக்குதான். மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"ஏழரை," என்றாள் சியாமளா. ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள்; பத்து நிமிடம் போனது. "அங்கயே நிக்குது." இன்னும் ஐந்து நிமிடம் போனது. "ஏ, எறங்குதுமா! ஆறே முக்கா!"

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் ஜானகிராமன் பின்னாலேயே நின்றிருந்தார். "ஃபோன்லயே சரி பண்ணிட்டியேமா. மத்த பெட்டியெல்லாம் மத்தியானம் லாரி ஏறுது. இத வெளிய சொல்லிகினு இருக்காத."

"இவங்க ஒருத்தங்கள ஃபோன்ல புடிச்சிட்டேன் சார். மத்த நர்ஸுங்க ஃபுல்லாதான் திருப்புவாங்க. கெட்டுப்போன மருந்து பாத்தா தெரியாது, கொழந்தைக்குப் போட்டுடுவாங்க. லாரிய நிறுத்துங்க. தப்பு என்னுதுன்னே சொல்லுங்க."

வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தும், அவர் ஃபோனை எடுத்து லாரிக்காரரிடம் நிறுத்தச் சொல்லி முடிக்கும்வரை அவள் நாற்காலியில் உட்காரவில்லை.