செல்வராணி அக்கா சந்தேகப்பட்ட கடிதங்கள்

போன வாரம் ஒருநாள் காலையில் ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செல்வராணி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: ‘செல்வராணி இன்று காலமானார்.’ நான் நம்பவில்லை. இறந்தவரின் எண்ணிலிருந்தே இறந்த செய்தி வந்தால் யார் நம்புவது? போனைத் திருடிய எவனோ அடுத்து பணம் கேட்பான் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அக்காவின் கணவரைக் கூப்பிட்டேன். “நெசந்தாம்மா. நெஞ்சு வலின்னா. ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார். பிறகுதான் அழுதேன். விசாரிக்காமல் அழுதிருந்தால் அக்காவுக்கே பிடித்திருக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் அக்கா புரூஃப் பார்த்தார். பொறியியல் முடித்துவிட்டு, தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, அங்கே கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைத்தவள் நான். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே வரவேண்டும். பிறகு ஆள் மாற்றி இன்னொரு தடவை. அதன்பின் சிவப்பு மையில் ‘செ.ரா.’ என்று அவர் போட்டால்தான் லேபிள் மிஷினுக்குப் போகும்.

ஒரே ஒரு முறை, “எல்லாம் பாத்தாச்சு” என்ற முதலாளியின் வார்த்தையை நம்பி, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ‘பற்றவைத்ததும் விலகி நிற்கவும்’ என்பதில் ‘விலகி’ விடுபட்டு ஒரு லோடு அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு காலண்டரின் தேதியை இன்னொரு காலண்டரோடு ஒப்பிட்டுத்தான் நம்புவார்.

நான் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்பு படிக்க ஆசைப்பட்டேன். மதுரையில் ஓர் ஏஜெண்ட் இடம் வாங்கித் தருவதாகவும் வங்கிக் கடன் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். கடன் அனுமதிக் கடிதம்கூட வந்துவிட்டது. அவருடைய கட்டணத்துக்காக அப்பா எங்கள் புஞ்சையை அடமானம் வைக்கப் பத்திரத்தை எடுத்துவிட்டார். நான் கடிதத்தைப் பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அவர் வாழ்த்தவில்லை. அச்சில் நிறப் புள்ளிகளைப் பார்க்கும் லென்ஸை எடுத்து வங்கி முத்திரையின் மேல் வைத்தார்.

“ஏ பிள்ள, இங்கன பாரு. ரப்பர் ஸ்டாம்ப்புன்னா மை அப்பியிருக்கும். இது புள்ளி புள்ளியா இருக்கு. சீலு குத்தலை, அச்சடிச்சிருக்கு.”

அந்த வங்கியின் சாத்தூர்க் கிளையில் போய் விசாரித்தோம். அப்படி ஒரு கடனே கிடையாது என்றார்கள். அப்பா பத்திரத்தை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வருடம் ஏஜெண்ட் இல்லாமல், நானே ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். இரண்டு, நான் படித்த கல்லூரியில் கிடைத்தன. மூன்றாவதை அக்காவிடம் கேட்டேன். எழுதுபவரே அதை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார்.

“நல்லபடியா எழுதுனீகளாக்கா?”

“அதைப் பாக்க மாட்டேன்னு ஃபாரத்துல நீதான டிக் அடிச்ச? பெறகு என்ன கேள்வி?”

அப்போதே எனக்குள் சந்தேகம் புகுந்துவிட்டது. நான்கு இடங்களிலிருந்து வரிசையாக மறுப்பு வந்தபோது அது முற்றியது. குறை சொல்லியே பழகிய கை என் கடிதத்தில் மட்டும் என்ன நல்லதாக எழுதியிருக்கும்?

ஐந்தாவது இடத்திலிருந்து, சேர்த்துக்கொள்வதாக மெயில் வந்தது. படிப்புக் கட்டணம் கிடையாது. ஆய்வு உதவியாளராக மாதச் சம்பளமும் உண்டு. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் அக்கா நெற்றியைச் சுருக்கினார்.

“காசையும் குடுத்து, படின்னும் சொல்லுவாகளா? எனக்கு நம்பிக்கையில்லை. நீ பதில் போடாத.”

எனக்கு வந்த கோபத்தில், “நான் போயிட்டா தீவாளி சீசன் வேலை அம்புட்டும் ஒங்க தலையில விழும். அதுக்குத்தான தடுக்கீக?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டார். மெயிலை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். நான் உரக்கப் படிக்க, பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தோடு வரிவரியாக ஒப்பிட்டார். “மெயில்ல இருக்க நம்பருக்குப் பேசாத. அவுக பக்கத்துல நீயா தேடி எடு” என்றார். அன்று மாலை, அங்கே அலுவலகம் திறந்ததும் பேசினேன். எல்லாம் உண்மை. அக்கா அந்தத் தாளின் ஓரத்தில் ‘செ.ரா.’ என்று போட்டு என்னிடம் நீட்டினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போதும் கேட்கவில்லை.

நேற்று அவர் கணவர் ஒரு படம் அனுப்பினார். அச்சகத்தில் அக்காவின் மேசை டிராயரில் இருந்த தாளாம். என் பரிந்துரைக் கடிதத்தின் தமிழ் வரைவு. இதை எழுதி, மகளை விட்டு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பியிருக்கிறார்.

‘இவளை மூன்று வருடமாகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். தப்புக் கிடைக்கவில்லை. இவள் போய்விட்டால் சீசனில் நான் திண்டாடுவேன். இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.’

கீழே சிவப்பு மையில் ‘செ.ரா.’

அது அவர் கையெழுத்துத்தானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. பிறகு அறையில் தனியாக அதை உரக்கப் படித்தேன். எதிரில் விரல் வைத்துக்கொண்டு வர ஆளில்லை. ஆள் மாற்றிப் படிக்க வேண்டிய இரண்டாவது தடவையையும் நானே படித்தேன்.

தப்பு என்னிடம்தான் இருந்தது, அக்கா. மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.