பாவாத்தாள் வெள்ளை

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளை ஒட்டிய காலனியில் பாவாத்தாளுக்கு மூன்று பெண்கள். மூத்தவளை ஆனைமலையில் கட்டிக்கொடுத்தாள். நடுவுள்ளவள் பொள்ளாச்சியில் நர்ஸ். கடைக்குட்டிதான் அன்புக்கரசி. அவள் பெயின்டர் கௌதமனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கணபதிக்குப் போனாள். கௌதமன் வேற்றாள் இல்லை. பாவாத்தாளின் அண்ணன் மாசாணத்தின் மகன், முறை மாப்பிள்ளைதான்.

கணபதியில் சந்துக்கு நாலு பட்டறை. அதில் ஒரு பெயின்ட் பட்டறைக்கு வேலைக்குப் போன அன்புக்கரசி, கலவை போடப் பழகி, பிறகு தானே ஒரு தகரக் கொட்டகையில் மிஷின் போட்டு வெள்ளை பெயின்ட் மட்டும் காய்ச்சினாள். காய்ச்சினாள் என்பது பேச்சுக்கு. அடுப்பெல்லாம் கிடையாது. தண்ணீர், பசை, பொடி, எல்லாம் டிரம்மில் விழுந்து மிஷினில் சுற்றும்.

நமக்கெல்லாம் வெள்ளை என்றால் ஒரே வெள்ளை. அவளுக்கு அப்படியில்லை. சாக்பொடி காய்ந்து கிடக்கையில் வெள்ளையாக இருக்கும். பசையில் குழைத்தால் தண்ணிப் பால்போல் ஆகி, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். டைட்டானியப் பொடி காட்டிக்கொடுக்காது. தன்மேல் விழுந்த வெளிச்சத்தை உள்ளே விடாமல் வந்த வழியே விரட்டிவிடும். புதுக் கலவை போட்டதும் அன்புக்கரசி பழைய செய்தித்தாளில் ஒரு இழுப்பு இழுப்பாள். கொட்டை எழுத்துத் தலைப்பு மறைந்தால்தான் டிரம்மை மூடுவாள்.

விசேஷ வீட்டில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுதான்.

“நீ உக்காந்திருக்கற பிளாஸ்டிக் சேரு, காலைல பல்லு வெளக்குன பேஸ்ட்டு, கரண்டு வயரு போற பைப்பு, எல்லாத்துக்குள்ளயும் எம்பட பொடிதான் இருக்குது, தெரியுமா?”

“அடேங்கப்பா, அப்ப சோத்துலயும் நீதானா?” என்று அக்காக்காரி கேட்பாள்.

அவள் தன் டப்பாவுக்கு வைத்த பெயர்தான் எல்லாரையும் சிரிக்க வைத்தது. பாவாத்தாள் வெள்ளை. அம்மா பெயரை அச்சடித்து ஒட்டிக் கொண்டுவந்து காட்டினாள். பாவாத்தாள் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏண்டி, என்னையப் பாத்தா வெள்ளையாவா தெரியுது?”

“அந்தப் பொடி எதுலருந்து எடுக்கறாங்கன்னு கேளும்மா. கடற்கரையில கெடக்கற கருமணல்லருந்து. கருப்புக்குள்ளதான் இந்த வெள்ளையே இருக்குது.”

பாவாத்தாள் அந்தக் காலி டப்பாவில் அரிசி போட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி வாசல் ஜன்னலில் வைத்தாள்.

பாவாத்தாள் காலமெல்லாம் வேலை செய்தது ராசாத்தாள் தோட்டத்தில். களை பறிப்பாள், தேங்காய் பொறுக்குவாள், மூட்டை சுமப்பாள். இப்போது ராசாத்தாள் குடும்பத்துக்குப் பொள்ளாச்சி ரோட்டில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் வெளிச்சுவர் முழுக்கப் பழைய பம்புசெட் விளம்பரம், கருப்பு எழுத்தில். ராசாத்தாள் கூப்பிட்டு அனுப்பினாள்.

“பாவாத்தா புள்ள பெயின்ட்டு பண்ணுதுன்னாங்க. எங்க மண்டபத்துக்கு அடிச்சுக் குடு, கண்ணு.”

அதுவரை அன்புக்கரசி போட்டதெல்லாம் வீட்டுக்குள் அடிக்கும் பெயின்ட். வெளிச்சுவர் இதுதான் முதல். டைட்டானியப் பொடி வாங்க டவுனில் சீனிவாசலு கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். அவர் காகிதத்தில் இரண்டு பொடியைக் கொட்டி வைத்து, “எதும்மா வேணும்?” என்றார். ஒன்று லேசாக நீலம் அடித்துப் பளீரென்று இருந்தது. மற்றதில் பாலாடை நிறம் ஒரு சொட்டு கலந்தாற்போல. அவள் கண்ணை மிஞ்சின கண் கணபதியில் கிடையாது என்று அவளுக்கே ஒரு நினைப்பு. பளீரென்று இருந்ததைக் காட்டினாள். வெளிச்சுவருக்கு என்று அவள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

தை மாதம் கௌதமனும் அவன் ஆட்களும் அடித்தார்கள். பம்புசெட் எழுத்து இரண்டு பூச்சில் காணாமல் போனது. ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் திரும்பிப் பார்க்கிற வெள்ளை. பிறகு சித்திரை வெயில் காய்ந்தது, ஆடிச் சாரல் அடித்தது.

ஆவணி முகூர்த்தம், ராசாத்தாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலை நேரம் என்பதால் மேற்குச் சுவர் நிழலில் இருந்தது. மாப்பிள்ளையின் சேக்காளிகள் எல்லாரும் கருநீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் எழுந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் மாவு மூட்டை சுமந்தாற்போல வெள்ளை.

“ஏனுங்க மச்சான், சாப்பாட்டுக்கு முன்னாலயே சமையக்கட்டுல மாவு பெசஞ்சுட்டு வந்தீங்களா?” என்றான் பந்தியில் ஒருவன்.

“இது என்ன மாவுன்னு தெரியுமா? பாவாத்தா மாவு! வேல செஞ்ச காலத்துல மூட்டையச் சொமந்தா. இப்ப நம்ம முதுகுல ஏறிக்கிட்டா!” என்றான் கோட்டுக்காரன் ஒருவன்.

கல்யாணத்துக்கு வந்திருந்த அன்புக்கரசி காதில் இது விழுந்தது. சிரிப்பு பந்தி முழுக்கப் பரவியது. பெயின்டர் தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பான் என்று ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். கௌதமன் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டான்.

“நாந்தான் தண்ணி சேத்திப்போட்டேன்னு சொல்லீர்றேன். உடு.”

“உங்க பேரக் கெடுத்து எங்கம்மா பேரக் காப்பாத்தோணுமாக்கும்?”

நேராக ராசாத்தாளிடம் போனாள். “அடிச்சவங்க மேல தப்பு இல்லீங்கம்மா. தப்பு எம் பெயின்ட்டுல.”

ராசாத்தாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “டப்பாவுல அந்தப் பேர எடுத்துப்போடு, கண்ணு. உங்கம்மா பேரு எதுக்கு ஊர் வாயில உளுகோணும்?”

“மேக்குச் சுவத்த மட்டும் இன்னொருக்காக் குடுங்க. ஒரு வெயிலும் ஒரு மழையும் போகட்டும். அதுக்கப்பறமும் கையில ஒட்டுச்சுன்னா நானே எடுத்துப்போடறேனுங்க.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் டப்பா பேரில்லாமப் போகுமுங்க.”

நடந்ததைக் கேட்டதும் சீனிவாசலு தலையில் கைவைத்தார். “ஏம்மா, டைட்டானியத்துல ரெண்டு ரகம். நீ எடுத்துட்டுப் போனது அனடேஸ். ஊட்டுக்குள்ள ராசா மாதிரி இருக்கும். வெயில்ல வெச்சா, தன்னையப் புடிச்சிருக்கற பசையவே தின்னுபோடும். அப்பறம் பொடி தனியா நிக்காம என்ன பண்ணும்? வெளிய அடிக்கறதுக்கு இந்த ரூடைல்தான்.” பாலாடை நிறப் பொடியைத் தள்ளினார். “வெயில் தாங்கறதுக்குப் பொடிமணி ஒவ்வொண்ணு மேலயும் பூச்சு போட்டே வருது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்ண்ணா?”

“அன்னிக்கே கேட்டிருக்கலாமுல்ல?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தை பிறந்ததும் அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். உதிர்கிற பழைய வெள்ளையைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் போட்டு, மேலே புதுக் கலவை. மற்றச் சுவர்களோடு ஒப்பிட்டால் ஒரு பொட்டு மங்கல்தான். அவள் கண்ணுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் சுரண்டினதில் மறுபடி தலைகாட்டிய பம்புசெட் எழுத்து முதல் பூச்சிலேயே மறைந்தது. “இது முந்தினதவிட மூடுது” என்றான் கௌதமன்.

அந்த வருஷம் முழுக்க டப்பாக்கள் மொட்டையாகவே போயின. அச்சடித்த பெயர்த் தாள்கள் கொட்டகைப் பரணில் கட்டோடு கிடந்தன. பாவாத்தாள் மட்டும் ஜன்னலில் இருந்த அரிசி டப்பாவை எடுக்கவில்லை.

மார்கழியில் ராசாத்தாள் மண்டபத்தில், சபரிமலைக்குப் போகிற சாமிமாருக்குக் காலையில் அன்னதானம். “நீயும் வந்துரு அம்மிணி, உங்கம்மாளையும் கூட்டிக்க” என்று போன் வந்தது. அன்புக்கரசி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, ஒரு பஸ் நிறையச் சாமிமார். சாப்பிட்டுவிட்டு மேற்குச் சுவர் நிழலில்தான் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் தூணோரம் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். “சாமியே சரணம்” என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். திரும்பினார்கள். கருப்பு முதுகு. அடுத்ததும் கருப்பு. பஸ் படியில் கடைசிச் சாமி ஏறும்வரை ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

ராசாத்தாள் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். கையைப் பார்த்தாள். அன்புக்கரசியிடமும் நீட்டிக் காட்டினாள்.

“மீதி மூணு பக்கமும் எப்ப ஆரம்பிக்கறே? டப்பாவுல பேரு ஒட்டித்தான் வரோணும், சொல்லிப்போட்டேன்.”

அன்புக்கரசி தலையை ஆட்டினாள்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த பாவாத்தாள், இலையை எடுத்துப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தாள். உடுத்தியிருந்தது கருநீலச் சேலை. ராசாத்தாள் குடும்பத்துச் சுவர் எதிலும் அவள் அன்றுவரை சாய்ந்ததில்லை, நின்றே பழக்கம். இப்போது காலை நீட்டி உட்கார்ந்து, முதுகு முழுவதும் சுவரில் படும்படி சாவகாசமாகச் சாய்ந்தாள். வெற்றிலை மடித்துப் போட்டு மென்று முடிக்கும்வரை எழவில்லை.

பிறகு எழுந்து, மகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“என்ன இருக்குது, பாத்துச் சொல்லு.”

“ஒண்ணுமில்லம்மா.”

“நல்லாப் பாத்தியா?”

“ஒண்ணுமே இல்லம்மா.”

“அப்ப அந்தத் தாளுக் கட்ட எறக்கு” என்றாள் பாவாத்தாள்.