நொட்டாங்கை இழைப்புளி

தச்சர்கள் மரம் சீவும் பழைய இழைப்புளிக்கு விலை கேட்டு வருகிறவர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்து, புதுமாப்பிள்ளை மாதிரி என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும். சேகரிக்கிறவர்களுக்கு அந்த அழுக்குதானே வேண்டும்! கட்டையின் முன்முனையில் செய்தவரின் முத்திரை இருக்கிறதா, சீவுகிற இரும்புத் தகடு கீழே தடித்து மேலே மெலிகிறதா, கை பட்டுப் பட்டு மரம் எங்கே குழிந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்துதான் நான் வயதும் விலையும் சொல்கிறேன்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவர் என் கணவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு கார் கம்பெனி வேலைக்கு வந்தவர். ஷிப்ட் முடிந்தால் நேரே காயலான் கடைக்குத்தான் போவார், வீடு அப்புறம். அவர் இடக்கைக்காரர். வாங்கி வந்த ஒவ்வொன்றையும் இடக்கையால் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வலக்கைக்காரர் புழங்கிய இழைப்புளியில் கட்டைவிரல் குழி இடப்பக்கம் விழும். அவருக்கு அது வலப்பக்கம் வேண்டும்.

"எல்லாம் சோத்துக்கைக்காரன் புழங்குனதுல்லா. ஒரு நொட்டாங்கைக்காரன் கூடவா தச்சு வேல பாக்கல?" என்பார்.

"கெடச்சா இன்னா பண்ணப் போறீங்க?"

"சும்மா பிடிச்சிட்டு இருப்பேன்."

அவர் இறந்த பிறகும் நான் கடைகளுக்குப் போவதை விடவில்லை. விலை சொல்லும் தொழிலுக்காகத்தான் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் எந்தக் கட்டையை எடுத்தாலும் என் விரல் முதலில் வலப்பக்கத்தைத்தான் தடவும்.

போன மாதம் ஒரகடத்தில் ஒரு கடையில் அப்படித் தடவும்போது விரல் வழுக்கிக் குழிக்குள் இறங்கியது. வலப்பக்கம்தான். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாக்கா, அடுப்புக்கு வச்ச கட்டைய இப்டி பாத்துகினு கீற?" என்றார் கடைக்காரர்.

தகடு எங்கே என்று கேட்டேன்.

"இரும்பு போன லோடுல பூட்ச்சுக்கா. கட்டைய சும்மா எட்த்துகினு போ."

இங்கே எல்லாக் கடையிலும் இதே கூத்துதான். இரும்பைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, மரத்தை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பழைய இழைப்புளிகளை வழக்கமாக வாங்கிச் சேகரிக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "சொந்தத் தகடு இல்லியேம்மா. வேற ஒண்ணு போட்டாலும் ஒட்டுப்போட்ட பொருள்தான். மதிப்பே கெடயாது." நானும் மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு மட்டும் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

என் கணவரின் மேசை இழுப்பறையில் கட்டை இல்லாத தகடுகள் நிறையக் கிடக்கின்றன. போட்டுப் பார்த்ததில் ஒன்று பொருந்தியது. ஆப்பு வைத்துத் தட்டி இறுக்கினேன்.

வலக்கையில் பிடித்தேன். கட்டைவிரல் எங்கேயும் உட்காரவில்லை. இடக்கைக்கு மாற்றினேன். விரல் குழிக்குள் போனது, ஆனால் குழி பெரிதாக இருந்தது. அவருடைய விரலுக்குச் சரியாக இருந்திருக்கும். அவர் இப்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. மகள் வந்து என்னம்மா செய்கிறாய் என்று கேட்டாள்.

"சும்மா புட்ச்சிகினு கீறேன்" என்றேன்.